வரிமரத்தில் ஓர் அலமாரி: பலகை ஏன் அசைகிறது, சட்டம் எதற்கு?

ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வதும், சித்திரை வெயிலில் அதே கதவு நிற்காமல் தானாகத் திறந்துகொள்வதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். "மரம் உப்பிடுச்சு" என்று ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடுவோம். மரவேலை பழக நினைக்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த உப்பலைத்தான். அலையலையாக வரி ஓடிய பலகையில் அலமாரி செய்ய ஆசைப்படுகிறவருக்கு அது இன்னும் அவசியம். வரி அழகாக இருக்கும் பலகைதான் அதிகம் வளையும், முறுக்கும், வெடிக்கும். அழகு எங்கிருந்து வருகிறதோ, முரண்டும் அங்கிருந்துதான் வருகிறது. கையால் செய்யும் நல்ல அலமாரியின் அமைப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்துக்காகவே உருவானது என்று சொல்வேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்னச் சுவர் அலமாரியை வைத்துக்கொள்வோம். உயரம் 2 அடி, அகலம் 18 அங்குலம், ஆழம் 9 அங்குலம், முன்னால் இரண்டு கதவு.

மரம் அசைவது எப்படி

அறுத்துக் கட்டிவைத்த ராகித்தாள் கட்டு ஒன்றை மனதில் நிறுத்துங்கள். மரக்கட்டையும் அப்படித்தான், நெருக்கமாக அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. பச்சை மரத்தில் குழாய்க்குள்ளும் நீர் இருக்கும், குழாயின் சுவருக்குள்ளும் நீர் ஊறியிருக்கும். மரத்தை வெட்டியதும் முதலில் போவது உள்ளே நிற்கும் நீர். அது போகும்வரை எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவர்கள் வற்றத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. காய்ந்த மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். பாலிஷ் போட்டாலும், பெயின்ட் அடித்தாலும், நூறு வருடப் பழைய உத்தரமாக இருந்தாலும் இது நிற்காது. பாலிஷ் அந்த வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

குழாய்ச் சுவர் பருக்கும், மெலியும். நீளம் கிட்டத்தட்ட மாறாது. அதனால் பலகையின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அகலத்தைத்தான் கவனிக்க வேண்டும். அகலத்திலும் இரண்டு விதம் உண்டு. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், மற்ற திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். தேக்கு அடக்கமான மரம் என்று பெயரெடுத்தது. அதற்கே இந்தக் கணக்கு. இந்த வித்தியாசத்தால்தான் பலகை ஒரு பக்கம் குழிந்து வளைகிறது.

இதை நூல் கணக்கில் (ஓர் அங்குலத்துக்கு 8 நூல்) பார்த்துவிடலாம். கோடைக்கும் மழைக்கும் இடையில் பலகையின் ஈரப்பதம் 5 சதவீதம் ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், வளையப்போக்கில் அறுத்த தேக்குப் பலகையின் அகலம் ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். ஓர் அடி அகலத்துக்கு 3 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சின்ன அளவாகத் தெரியலாம். ஆனால் அதைத் தடுக்க நினைத்தால் ஃபெவிகாலும் நிற்காது, ஆணியும் நிற்காது. பலகை நடுவில் பிளந்துவிடும்.

வரி எங்கிருந்து வருகிறது

நார், அதாவது மேலே சொன்ன குழாய்கள், நேராக ஓடும் மரத்தில் நேர்கோடுகள்தான் தெரியும். நார் தடம் மாறும் இடத்தில்தான் வரி பிறக்கிறது. அந்தத் தடமாற்றம் பல விதம்.

நார் மேலும் கீழுமாக அலைபோல ஓடியிருந்தால், பலகையை இழைத்ததும் குறுக்குப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டையில் நாரின் பக்கவாட்டு தெரிகிறது, அடுத்த பட்டையில் நாரின் வெட்டுவாய் தெரிகிறது. பக்கவாட்டில் பட்ட வெளிச்சம் திரும்பி வருகிறது, வெட்டுவாய்க்குள் போன வெளிச்சம் அடங்கிவிடுகிறது. நாம் ஓர் அடி நகர்ந்தால் ஒளிர்ந்த பட்டை இருண்டு, இருண்டது ஒளிரும். பட்டுச்சேலையின் மினுக்கம் மரத்தில் வருவது இதனால்தான். பலகை மட்டமாகவே இருக்கும். கண்ணுக்கு மட்டும் மேடுபள்ளமாகத் தெரியும்.

வேம்பும் வேங்கையும் வேறு வகை. மரம் வளரும்போது நார் சில ஆண்டுகள் வலப்பக்கம் சுற்றி ஏறும், பிறகு சில ஆண்டுகள் இடப்பக்கம். பின்னிக்கொண்ட நார் இது. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால் வெளிச்சமும் நிழலுமாக நீளவாட்டில் நாடா நாடாவாகத் தெரியும்.

சில்வர் ஓக்கை எல்லாரும் பெட்டி அடிக்கிற மரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது அதுதான். நம் பக்கத்திலும் வரப்போரங்களில் நட்டிருக்கிறார்கள். அதன் தண்டில் மையத்திலிருந்து வெளியே பாயும் கதிர் இழைகள் மிகப் பெரியவை. வளையத்துக்குக் குறுக்காக அறுத்தால் பலகை முழுக்க வலைப்பின்னல்போலப் பளபளக்கும் புள்ளிகள் வரும். அதே தடியை வழக்கமான முறையில் அறுத்தால் அதில் பாதி அழகுகூட வெளியே வராது. எந்தக் கோணத்தில் அறுக்கிறோம் என்பதே வரியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான மரம் கிடையாது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கவட்டை. தண்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு கிளைகளின் நாரும் ஒன்றையொன்று நெருக்கி, மடிந்து, பின்னிக்கொள்ளும். அந்தக் கவட்டையின் நடுவாக அறுத்தால், தீக்கொழுந்து மேலெழுவதுபோன்ற ஒரு வரி பலகையில் விரியும். சா மில்லில் கேட்டால் "இது கவட்டைங்க, விறகுக்குத்தான் போவும்" என்பார்கள். அறுப்பதற்குக் கடினம், காயும்போது வெடிக்கும், நீளமான சட்டம் எதுவும் தேறாது என்பதால் அவர்களுக்கு அது விறகு. நம் அலமாரிக் கதவுக்குத் தேவையான பலகையோ ஒன்றரை அடிச் சொச்சம்தான். அதற்குக் கவட்டை போதும்.

கடைசியாக, பூஞ்சை போட்ட வரி. வெட்டிய மரம் ஈரத்தோடு நிழலில் கிடந்தால் உள்ளே பூஞ்சைகள் பரவும். ஒரு பூஞ்சைக் கூட்டம் இன்னொன்றைச் சந்திக்கும் எல்லையில் தனக்கொரு அரண் எழுப்பிக்கொள்ளும். அந்த அரண்தான் பேனாவால் கிறுக்கியதுபோன்ற கரிய மெல்லிய கோடு. மாமரத்திலும் புளியமரத்தின் வெள்ளைக்கட்டையிலும் (பட்டையை ஒட்டிய வெளிர் கட்டை) இது அருமையாக விழும். சரியான நேரத்தில் அறுத்துக் காயவைத்தால் ஓவியம், தாமதித்தால் மக்கு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள்.

எல்லா வகையிலும் பொதுவானது ஒன்று. நார் நேராக இல்லை. நேராக இல்லாத நார், காயும்போது ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். மேலே சொன்ன முரண்டு இதுதான்.

எங்கே தேடுவது

ஈட்டிதான் வேண்டும் என்று பலர் அலைகிறார்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சந்தனத்துக்கும் தனி விதிகள் உண்டு. பில் இல்லாமல் வரும் ஈட்டியையும் சந்தனத்தையும் கையால் தொட வேண்டாம்.

நம் ஊரில் இருப்பதே ஏராளம். கிருஷ்ணகிரி மாவட்டம் மாந்தோப்புகளின் மாவட்டம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, சந்தூர்ப் பக்கம் காய்ப்பு ஓய்ந்த பழைய மரங்களை எடுத்துவிட்டுப் புதுக்கன்று வைப்பது நடந்துகொண்டே இருக்கிறது. அப்படி விழும் பெங்களூரா மரத்தின் அடித்தண்டும் கவட்டையும் பெரும்பாலும் பெட்டிக்கும் அடுப்புக்கும் போகின்றன. மாமரத்தின் நிறம் இளம் பழுப்பு. நடுநடுவே பச்சை, கருப்பு, இளஞ்சிவப்புத் தீற்றல் ஓடும். இழைப்பதற்கு இதமான மரம். புளி அதற்கு நேர் எதிர், உளியின் வாயைத் திருப்பிவிடும் கடினம். ஆனால் அதன் நடுவில் இருக்கும் ஊதாப் பழுப்பு வைரத்தைப் பார்த்தவர் விடமாட்டார். வாகையும் நல்லது, வைரம் கரும்பழுப்பாக இருக்கும்.

மில்லுக்குப் போகும்போது ஒரு ஈரத்துணி கொண்டுபோங்கள். ரம்பத் தழும்போடு கிடக்கும் பலகை சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தால் வரி ஒரு நிமிடம் எழுந்து வரும். பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். பாலிஷ் போட்ட பிறகு அலமாரி எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டிவிடும்.

மாமரத்தில் ஒரு சங்கடம் உண்டு, உளுத்தல். அதன் கட்டையில் மாவுச்சத்து நிறைய இருப்பதால் வண்டு முட்டையிடும், புழு உள்ளுக்குள்ளேயே தின்னும். ஊசித்துளையும் அதன் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அறுத்த கையோடு போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசுவது வழக்கமான பாதுகாப்பு. பிறகு நிழலில், காற்றோட்டத்தில், பலகைக்குப் பலகை ஒரே கனத்தில் ரீப்பர் வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் பலகை அந்த இடத்தில் தொங்கி வளைந்தபடியே காய்ந்துவிடும். பலகையின் இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசிவிடுங்கள். குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது, நீர் அந்த வழியே வேகமாக ஓடும், முனை முதலில் சுருங்கி வெடிக்கும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அது 12 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டும்வரை பலகையில் உளி வைக்க வேண்டாம். இந்தக் காத்திருப்பைக் குறுக்க வழி தேடுகிறவர்கள்தான் பின்னால் பிளந்த கதவோடு நிற்கிறார்கள்.

சட்டம் பிடிக்கும், பலகை மிதக்கும்

இனி கதவு. ஒரே அகலப் பலகையைக் கதவாக மாட்டினால் அது அகலும், சுருங்கும், முறுக்கும். இதற்கு உலகம் முழுக்கத் தச்சர்கள் கண்ட தீர்வு ஒன்றே. நான்கு பக்கமும் குறுகலான சட்டம், நடுவில் ஒட்டாமல் மிதக்கும் பலகை. நம் பழைய வீட்டுத் தலைவாசல் கதவிலும் இதுதான் இருக்கிறது.

சட்டத்துக்கு நார் நேராக ஓடும் மரம் வேண்டும். இங்கே வரியைத் தேடாதீர்கள். கணு இல்லாத, சாதாரணமான, நன்றாகக் காய்ந்த தேக்கோ வாகையோ போதும். ஒன்றரை அங்குல அகலச் சட்டம் ஆண்டு முழுக்க அசைந்தாலும் ஒரு நூலில் சிறு பங்குதான். நீளத்தில் அசைவே இல்லை என்பதால் கதவின் அளவு மாறாமல் நிற்கும். குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, நெடுக்குச் சட்டத்தில் குடைந்த துளைக்குள் இறக்கிப் பசை போடுவது வழக்கம். சட்டத்தின் கனம் 6 நூல் என்றால் நாக்கின் கனம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 2 நூல்.

எல்லாச் சட்டத்தின் உள்விளிம்பிலும் 2 நூல் அகலம், 3 நூல் ஆழத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். வரிப்பலகையின் ஓரம் இந்தக் காடிக்குள் உட்காரும். நம் கதவு ஒவ்வொன்றும் 9 அங்குல அகலம். இருபுறமும் ஒன்றரை அங்குலச் சட்டம் போக நடுவில் 6 அங்குலத் திறப்பு. இரண்டு காடியின் ஆழத்தையும் சேர்த்தால் 6 அங்குலம் 6 நூல். பலகையை அந்த முழு அளவுக்கு வெட்டக் கூடாது. 6 அங்குலம் 4 நூலுக்கு வெட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு நூல் காலி இருக்கும், பக்கத்துக்கு 2 நூல் காடிக்குள் இருக்கும். மேலே பார்த்த கணக்குப்படி இந்த அகலத்துக்கு அசைவு அரை நூல்தான். ஆனால் வரிமரம் கணக்குக்குக் கட்டுப்படாதது, அதனால் கொஞ்சம் தாராளமாகவே விடுகிறோம். மழைக்காலத்தில் செய்தால் மரம் ஏற்கெனவே உப்பியிருக்கும், இடைவெளி சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை. வைகாசி வெயிலில் செய்தால் குறைக்கவே கூடாது.

காடிக்குள் ஒரு சொட்டுப் பசைகூட வழியக் கூடாது. மேல் ஓரத்தின் நடுவிலும் கீழ் ஓரத்தின் நடுவிலும் மட்டும் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம். பலகை நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமமாக அசையும். பலகைக்குப் பாலிஷ் போட்ட பிறகே சட்டத்தில் மாட்ட வேண்டும். பின்னால் போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பாலிஷ் ஏறாத வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும். முன்பக்கம் எத்தனை கோட் போடுகிறோமோ, பின்பக்கமும் அத்தனை. இல்லையென்றால் ஒரு பக்கம் ஈரத்தை வேகமாக வாங்கிப் பலகை குழிந்துவிடும்.

அலமாரியின் பெட்டிக்கும் இதே நியாயம்தான். பக்கப்பலகைகளில் நார் மேல்கீழாகவும், மேற்பலகையிலும் அடிப்பலகையிலும் இடவலமாகவும் ஓடட்டும். அப்போது நான்கு பலகைகளும் ஆழத்தில் மட்டும் சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும். மூலை இணைப்புக்கு எந்த இழுவையும் வராது. புதியவர்கள் தவறுவது உள்ளே தட்டுக்குத் தாங்குகட்டை வைக்கும்போது. முன்னிருந்து பின்னாகப் போகும் அந்தக் கட்டையின் நார், பக்கப்பலகையின் நாருக்குக் குறுக்கே இருக்கிறது. அதை முழுக்க ஒட்டினால் பக்கப்பலகை பிளக்கும். முன்பக்கம் ஒரு திருகாணியை இறுக்கி, பின்பக்கத் துளையை மட்டும் நீளவாட்டில் அகட்டி விடுங்கள். பின்பலகைக்கு, முதல் அலமாரி என்றால், 6 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அது மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது என்பதால் அசையாது.

ஒரே பலகையில் இரண்டு கதவு

இரண்டு கதவுக்கும் வேறு வேறு பலகையில் வரி எடுத்தால் கண் உறுத்தும். ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள பலகை ஒன்றைப் பேண்ட் சாவில் கனத்தின் நடுவாகப் பிளந்து, இரண்டு பாதியையும் விரித்து வைத்தால், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். புக் மேட்ச் என்பது இதைத்தான். கவட்டைக் கொழுந்து இரண்டு கதவிலும் ஒன்றையொன்று நோக்கி வளைந்து நிற்பது, எந்த மைக்காவிலும் வராத அழகு. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். இரண்டு பாதியிலும் நார் சாய்வது எதிரெதிர்த் திசையில். அதனால் ஒரு கோணத்தில் இடக்கதவு வெளிறியும் வலக்கதவு இருண்டும் தெரியும். அறையின் மறுபக்கம் போனால் மாறித் தெரியும்.

பிளந்த கையோடு அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். பலகையின் நடுப்பகுதி வெளிப்புறத்தைவிட ஈரமாக இருந்திருக்கும். உள்ளே அடங்கியிருந்த இழுவையும் இப்போது விடுபட்டிருக்கும். ரீப்பர் இடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடியட்டும். பிறகு இழைத்தால் மட்டமாக நிற்கும்.

இழைப்பதில்தான் வரிமரம் ஆளைச் சோதிக்கும். நேர்நாரில் இழைப்புளி ஒரே திசையில் வழுக்கிப் போகும். வரிப்பலகையில் இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை நார் எதிராகத் திரும்பும், அங்கே சிலும்பு பிய்த்துக்கொண்டு வரும். தகட்டைத் தீட்டித் தீட்டி, முன்னங்கை மயிரை மழிக்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இழைப்புளியின் அடியில் தகடு எட்டிப்பார்க்கும் வாயை ஒடுக்கி, மேல்தகட்டை வெட்டுமுனைக்கு மிக அருகில் நகர்த்தி, வெங்காயச் சருகைவிட மெல்லிய சுருள் வரும்படி இழையுங்கள். அப்படியும் பிய்ந்தால் ஸ்கிரேப்பர் என்னும் சுரண்டு தகடு. பழைய ஆசாரிமார் உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டி எடுத்தார்கள், காரியம் அதேதான். உப்புத்தாள் கடைசியில் போதும். பூஞ்சை வரி விழுந்த மரத்தைத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். மாமரம், சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

வெடிப்பு இருந்தால் பலகையை எறிய வேண்டியதில்லை. ஜப்பானிய அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா (1905-1990) வெடிப்பையும் கணுவையும் மறைக்காமல் முன்னால் வைத்தவர். வெடிப்புக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் கடினமான துண்டைப் பதித்து, அது மேலும் ஓடாமல் நிறுத்துவார். மரவேலையில் பெயர் பெறுவதற்கு முன், 1930களின் பிற்பகுதியில், அவர் புதுச்சேரியில் இருந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி கட்டப்பட்டபோது அங்கே கட்டடக் கலைஞராக வேலை பார்த்து, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றவர். மாமரக் கவட்டையில் ஒரு வெடிப்பு இருந்தால் புளிய வைரத்தில் அப்படி ஒரு துண்டு பதித்துப் பாருங்கள்.

மெருகுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்லிய கோட்களாக ஏற்றுவதே என் விருப்பம். சாயம் போட வேண்டாம். போட்டால் வரி அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். முதலில் ஆளிவிதை எண்ணெய் தடவினால் வரியின் ஆழம் இன்னும் கூடும். எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காய்கையில் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துப் போட்டுக் காயவிடுங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். மாலை வெயில் நேராக விழும் சுவரும், வெளிமழை ஊறும் சுவரும் ஆகாது. பித்தளைக் கீலில் கதவுகளை மாட்டும்போது நடுவில் அரை நூல் இடைவெளி விடுங்கள். முதல் மழைக்காலத்தில் எங்காவது லேசாக உரசினால் உடனே இழைப்புளியைத் தூக்காதீர்கள். உரசும் இடத்தில் பென்சிலால் குறித்துவைத்து, தை மாசிவரை பொறுத்து, அப்போதும் உரசினால் மட்டும் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சுருள் எடுங்கள்.